புறாக்கூடு முதல் மடிக்கணினி வரை



யாழ்ப்பாணக் குடாநாட்டின் தென்மேற்கே, பாக்கு நீரிணையிலே பரந்து கிடக்கும் தீவுகளைச் சப்த தீவுகள் என்று நம் முன்னோர் வழங்கினர். ஒல்லாந்தர் இத்தீவுகளைக் கைக்கொண்டபோது தங்கள் நாட்டு ஊர்ப் பெயர்களை இவற்றிற்குச் சூட்டி மகிழ்ந்தனர். நெடுந்தீவு டெல்வ்ற் ஆயிற்று. ஊர்காவற்றுறை அமைந்துள்ள வேலணைத் தீவு லைடன் ஆயிற்று. நயினாதீவு ஹார்லெம், புங்குடுதீவு மிடில்பேர்க், காரைதீவு அம்ஸ்ரர்டாம், அனலைதீவு றொட்டர்டாம், எழுவைதீவு ஹூர்ன் எனப் பெயர் பெற்றன. இப்பெயர்களுட் பெரும்பாலானவை ஏட்டளவில் நின்றுவிட்டன. நெடுந்தீவின் பெயர் மட்டும் இன்றும் ஆங்கிலத்தில் ஒல்லாந்தப் பெயராகவே வழங்கி வருகின்றது.

இணையத் தொடர்பு சிறிதும் இல்லாமல் மடிக்கணினியிலே தொலைக்காட்சி பார்க்க முடியுமா என்று இக்கால இளைஞர் சிலர் வினவுகின்றனர். முடியும் என்பதே விடை. அது எவ்வாறு முடியும் என்பதைப் பின்னர்க் கூறுவோம். அதற்கு முன், தீவக மக்களுக்கு இவ்வினா முற்றிலும் புதிதன்று என்பதை எடுத்துக்காட்ட விரும்புகின்றோம். கம்பியும் பாலமும் எட்டாத இடத்திற்குச் செய்தியும் பாட்டும் படமும் எவ்வழியால் வந்து சேர்ந்தன என்னும் வரலாறே இன்றைய பேச்சின் பொருளாகும்.

முதலிலே தேசப்படத்தை ஒருமுறை மனத்திற் கொள்வோம். நெடுந்தீவிலிருந்து யாழ்ப்பாண நகரம் நேர்கோட்டில் ஏறத்தாழ 40 கிலோமீற்றர் தொலைவில் உள்ளது. அதே தீவிலிருந்து இராமேசுவரம் ஏறத்தாழ 50 கிலோமீற்றர். திருச்சிராப்பள்ளி ஏறத்தாழ 180 கிலோமீற்றர். கொழும்போ 290 கிலோமீற்றருக்குச் சற்றுக் குறைவு. மத்திய மலைநாட்டிலே, இந்நாட்டின் மிகவுயர்ந்த சிகரமாகிய பீதுருதாலகாலை 300 கிலோமீற்றருக்கு அப்பால் நிற்கின்றது. தமிழகத்தின் கொடைக்கானல் மலையோ அதனினும் அண்மையில், ஏறத்தாழ 250 கிலோமீற்றரில் உள்ளது. ஆட்சியின் தலைநகரம் தொலைவில், அயல்நாட்டின் கரை அண்மையில் என்பதே நெடுந்தீவின் நிலை. இனி நாம் கூறப்போகும் வரலாறு முழுவதற்கும் இந்த அளவுகள் அடிப்படையாக அமைகின்றன.

நெடுந்தீவிற்குச் செல்வோர் அங்கே பவளக்கல்லாற் கட்டப்பட்ட ஒரு பழைய புறாக்கூட்டைக் காண்பர். சதுரமான சிறு கோபுரம் அது. சுவர்களிலே வரிசை வரிசையாகச் சிறு பொந்துகள் அமைந்திருக்கும். 1658 ஆம் ஆண்டிலே யாழ்ப்பாணத்தைக் கைப்பற்றிய ஒல்லாந்தரின் காலத்தது அது என்பர். கோட்டைகளுக்கிடையே செய்தி கொண்டுசெல்லும் புறாக்கள் அங்கே வளர்க்கப்பட்டன என்பது ஊரார் வழிவழியாகக் கூறி வரும் செய்தியாகும். தோணி செல்லவியலாத கொந்தளிப்பான நாளிலும், கடலின் மேலாகப் பறந்து செல்லும் தூதுவன் ஒருவன் தீவிற்கு வேண்டும் என்ற எண்ணத்தின் சின்னமாக அக்கூடு இன்றும் நிற்கின்றது. கம்பியில்லாத் தந்தி பிறப்பதற்கு மிக நெடுங்காலத்துக்கு முன்னரே, கம்பியில்லாச் செய்தியின் தேவையை இத்தீவு உணர்ந்திருந்தது எனலாம்.

அடுத்து வந்தது வானொலி. கொழும்பிலே தந்தித் திணைக்களத்துப் பொறியியலாளராயிருந்த எட்வேட் ஹாப்பர் என்பவரின் முயற்சியால், 1925 ஆம் ஆண்டு டிசெம்பர் 16 ஆம் நாள் இலங்கையின் ஒலிபரப்புத் தொடங்கிற்று. பாக்கு நீரிணையின் மறுகரையிலே 1938 ஆம் ஆண்டு சென்னையிலும், 1939 ஆம் ஆண்டு மே 16 ஆம் நாள் திருச்சிராப்பள்ளியிலும் அகில இந்திய வானொலி நிலையங்கள் திறக்கப்பட்டன. தீவகத்திலே வானொலிப் பெட்டி வைத்திருந்தோர் அந்நாளில் மிகச் சிலர். வால்வுகள் பொருத்திய பெரிய பெட்டிகள் அவை. மின்சாரம் இல்லாத ஊரிலே பாரமான மின்கலங்களால் இயக்கப்பட்டன. ஒருவர் வீட்டுத் திண்ணையில் ஊர் கூடிக் கேட்டது. வாசிகசாலைகளிலும் சனசமூக நிலையங்களிலும் பத்திரிகை வாசிப்போர் ஒருபுறமும் வானொலி கேட்போர் ஒருபுறமுமாக மாலைப்பொழுது கழிந்தது.

மத்திய அலையில் வரும் ஒலிபரப்புக்குக் கடல் ஒரு தடையன்று. மாறாக, அதற்கு அதுவே நல்ல பாதையாகும். உப்புநீர் மின்சாரத்தை எளிதிற் கடத்தும் இயல்புடையதாதலின், வறண்ட நிலத்தின் மேல் விரைவில் தேய்ந்துபோகும் மத்திய அலை, கடலின் மேல் நெடுந்தூரம் தேயாமற் செல்லும். ஆகவே திருச்சி நிலையத்துக் கச்சேரி தீவகத்துக் கரையிலே தெளிவாக ஒலித்ததில் வியப்பில்லை. அலை ஒரு திசையில் மட்டும் சென்றது என்றும் நேயர்கள் எண்ணவேண்டா. இரண்டாம் உலகப் போர்க்காலத்தில் நேச நாடுகளின் படையினருக்காகக் கொழும்பில் இயங்கிய வலிமை மிக்க சிற்றலை ஒலிபரப்பி, போர் முடிந்தபின் இலங்கை அரசிடம் வந்து சேர்ந்தது. 1949 ஆம் ஆண்டிலே றேடியோ சிலோன் உருவாயிற்று. 1952 முதல் 1962 வரை இந்தியாவில் ஒலிபரப்புத் துறை அமைச்சராயிருந்த பி. வி. கேஸ்கர் திரைப்படப் பாடல்களுக்கு இடம் சுருக்கியபோது, தமிழகத்து வீடுகள் பலவும் இலங்கை வானொலியை நாடின. எஸ். பி. மயில்வாகனம் முதலான அறிவிப்பாளரின் குரல் மதுரையிலும் திருநெல்வேலியிலும் வீட்டுக் குரலாயிற்று. அக்கரை இக்கரையைக் கேட்டது. இக்கரை அக்கரையைக் கேட்டது. வானொலிப் பெட்டிக்கு ஆண்டுதோறும் அனுமதிப்பத்திரம் பெறவேண்டியிருந்தது உண்மையே. ஆயினும் எந்த நிலையத்தைக் கேட்பது என்பதைப் பெட்டியின் முள்ளைத் திருப்பும் கையே முடிவு செய்தது.

இனித் தொலைக்காட்சிக்கு வருவோம். இலங்கையில் முதன்முதலாகத் தொலைக்காட்சி பார்த்தவருள் ஒருவர் ஆதர் சி. கிளாக் என்னும் அறிஞராவர். பூமியோடு ஒத்துச் சுழலும் செய்மதிகளால் உலக முழுவதும் செய்தி பரப்பலாம் என்று 1945 ஆம் ஆண்டிலேயே எழுதிய அவர், பின்னர்க் கொழும்பிலே குடியேறி வாழ்ந்தார். 1975 ஆகஸ்டு தொடங்கி ஓராண்டு காலம், இந்தியா அமெரிக்கச் செய்மதி ஒன்றின் துணையால் ஆறு மாநிலங்களிலே ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குக் கல்வித் தொலைக்காட்சியை நேரே அனுப்பிற்று. அந்நிகழ்ச்சியைக் காண்பதற்கென இந்திய விண்வெளி ஆய்வு நிறுவனத்தார் கிளாக்கின் இல்லத்திலே ஒரு பெரிய தட்டு அலைவாங்கியை அமைத்துக் கொடுத்தனர். இந்நாட்டுக்கென ஒரு தொலைக்காட்சி நிலையம் தோன்றுவதற்கு முன்னரே, அயல்நாட்டின் படம் வான்வழியாக இங்கே வந்து இறங்கிவிட்டது.

சென்னைத் தொலைக்காட்சி நிலையம் 1975 ஆகஸ்டு 15 ஆம் நாள் தொடங்கிற்று. இலங்கையில் 1979 ஏப்பிரல் 13 ஆம் நாள் சுயாதீனத் தொலைக்காட்சி கொழும்பையும் அதன் சுற்றுப்புறத்தையும் நோக்கி ஒளிபரப்பத் தொடங்கி, அவ்வாண்டு யூன் மாதத்தில் அரசுடைமையாயிற்று. ஜப்பானிய அரசின் உதவியோடு அமைக்கப்பட்ட ரூபவாஹினி 1982 பெப்ரவரி 15 ஆம் நாள் தன் பணியை ஆரம்பித்தது. பீதுருதாலகாலைச் சிகரத்திலிருந்து அதன் அலைகள் நாடெங்கும் பரவின.

இங்கே ஒரு சிறு கணக்கைச் சொல்ல நேயர்கள் இசைவீர்களாக. தொலைக்காட்சி அலை பெரும்பாலும் நேர்கோட்டிற் செல்வது. பூமியோ உருண்டை. ஆகவே அலை எவ்வளவு தூரம் செல்லும் என்பதை ஒளிபரப்பும் கோபுரத்தின் உயரமே பெரிதும் நிர்ணயிக்கும். உயரத்தை மீற்றரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை நான்கினாற் பெருக்கினால், அடிவானத் தூரம் கிலோமீற்றரில் ஏறத்தாழக் கிடைக்கும். பீதுருதாலகாலையின் உயரம் 2,524 மீற்றர். அதன் வர்க்கமூலம் சற்றேறக்குறைய 50. நான்காற் பெருக்க 200 கிலோமீற்றர். நம் வீட்டுக் கூரைமேல் 9 மீற்றர் உயரத்தில் அலைவாங்கியை நிறுத்தினால் மேலும் 12 கிலோமீற்றர் கூடும். ஆக 212. நெடுந்தீவோ 300 கிலோமீற்றருக்கு அப்பால் உள்ளது. தலைநகரத்துத் தொலைக்காட்சி தீவகத்திற் புள்ளியும் கோடுமாகத் தெரிந்ததற்குக் காரணம் இதுவே.

கொடைக்கானலிலே தூரதர்சனம் நிறுவிய ஒளிபரப்பிக்கும் இதே கணக்கைப் பார்ப்போம். கடல்மட்டத்திலிருந்து 2,100 மீற்றருக்கு மேற்பட்ட உயரம். அலைவாங்கியையும் சேர்த்து ஏறத்தாழ 200 கிலோமீற்றர் எட்டும். 250 கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள நெடுந்தீவு கணக்கின்படி எல்லைக்கு வெளியேதான். ஆனால் கணக்கை வெல்லும் இயற்கை ஒன்று இக்கடலில் உண்டு. நிலத்திலிருந்து வரும் வெப்பமான உலர்ந்த காற்று, குளிர்ந்த ஈரமான கடற்காற்றின் மேல் ஒரு கூரைபோற் படியும் வேளைகளில், அலைகள் அக்கூரைக்கும் கடலுக்கும் இடையே அகப்பட்டு, வாய்க்காலில் ஓடும் நீரைப்போல் நெடுந்தூரம் ஓடிவரும். காற்று ஓய்ந்த வெக்கை மிகுந்த இரவுகளில் 400 கிலோமீற்றருக்கு அண்மையிலுள்ள சென்னை நிலையங்கூட இவ்வாறு வந்து சேர இடமுண்டு. மறுநாள் காற்று மாறினால் படம் மறைந்துவிடும். வானிலையை நோக்கிக் கடலுக்குப் போகும் மக்கள், வானிலையை நோக்கியே படம் பார்க்கவும் பழகிக்கொண்டனர்.

இவ்வலைகளைப் பிடிப்பதற்கு உதவியது, 1926 ஆம் ஆண்டளவில் ஜப்பானிலே யாகி, உடா என்னும் இரு அறிஞர் கண்ட அலைவாங்கியாகும். ஒரு தண்டிலே குறுக்குக் கம்பிகள் பல வரிசையாகப் பொருத்தப்பட்ட அவ்வமைப்பை அறியாதார் இலர். பேச்சு வழக்கில் அன்ரனா என்கிறோம். கம்பிகளின் தொகை கூடக்கூட, ஒரே திசையிலிருந்து வரும் மெல்லிய அலையையும் அது கூர்ந்து பற்றும். 1980களிலே யாழ்ப்பாணக் குடாநாட்டிலும் தீவகத்திலும் நெடிய இரும்புக் குழாய்களின் உச்சியில் இத்தகைய அன்ரனாக்கள் தமிழகத்துக் கரையை நோக்கி நின்றன. கீழே ஒருவர் குழாயைத் திருப்ப, உள்ளே ஒருவர் "சரி, சரி, போதும்" என்று குரல் கொடுப்பது அக்காலத்து மாலைநேரத்தின் வழக்கமான ஓசையாயிற்று. வெள்ளிக்கிழமை இரவில் தூரதர்சனத்தின் ‘ஒளியும் ஒலியும்’ நிகழ்ச்சிக்கும், ஞாயிற்றுக்கிழமைத் தமிழ்த் திரைப்படத்துக்கும் பெட்டியுள்ள வீட்டு முற்றம் நிரம்பிற்று. பெட்டி ஒருவருடையதாயினும் படம் ஊருக்குப் பொதுவாயிருந்தது.

1990களின் நடுப்பகுதியில் இராமேசுவரத்திலே தூரதர்சனம் 323 மீற்றர் உயரமுள்ள கோபுரமொன்றை எழுப்பிற்று. இந்தியாவின் மிகவுயர்ந்த கோபுரங்களுள் ஒன்று அது. 323இன் வர்க்கமூலம் 18. நான்காற் பெருக்க 72. வீட்டு அலைவாங்கிக்குரிய 12ஐயும் கூட்டினால் 84 கிலோமீற்றர். அக்கோபுரத்திலிருந்து நெடுந்தீவு ஏறத்தாழ 50, நயினாதீவு ஏறத்தாழ 62, ஊர்காவற்றுறை ஏறத்தாழ 76 கிலோமீற்றர் தொலைவில் உள்ளன. மூன்றும் அடிவானத்திற்கு உட்பட்டவை. இந்தியாவின் எல்லைப்புற மக்களுக்காக எழுந்த கோபுரம், அரசியல் எல்லையைப் பொருட்படுத்தாமல், நம் தீவுகளையும் தன் ஒளிவட்டத்திற்குள் அடக்கிக்கொண்டது.

இக்காலத்தை வெறும் களிப்பின் காலமாக எண்ணிவிடலாகாது. 1985 மே 15 ஆம் நாள், நெடுந்தீவிலிருந்து புறப்பட்ட குமுதினிப் படகிலே சென்ற பயணிகள் இருபதுக்கும் மேற்பட்டோர் நடுக்கடலில் வெட்டிக் கொல்லப்பட்டனர். கடலைக் கடப்பதே உயிரைப் பணயம் வைப்பதாயிருந்த நாட்கள் அவை. 1980களின் நடுப்பகுதியில் விடுதலைப் புலிகள் ‘நிதர்சனம்’ என்ற தொலைக்காட்சியைக் குடாநாட்டில் நடத்தினர். 1987 ஒக்டோபரில் இந்திய அமைதிகாக்கும் படையுடன் போர் மூண்டபோது அதன் ஒளிபரப்பு ஒடுக்கப்பட்டது. 1990 யூலையில் வன்னியிலே கொக்காவில் படைமுகாம் வீழ்ந்தபோது, அங்கிருந்த ரூபவாஹினியின் அஞ்சல் கோபுரமும் செயலிழந்தது. அவ்வாண்டு ஓகஸ்ட் மாதத்தில் அரசபடைகள் தீவகத்தில் இறங்கின. மக்களிற் பெருந்தொகையினர் வீடுவாசல்களை விட்டு வெளியேறினர். கடலோடு கூடிய தரைப்பாதையும் குடாநாட்டிலிருந்து அவர்களைப் பிரித்தது.

குடாநாட்டிலோ மின்சாரம் நின்றது. வானொலிக்கு வேண்டிய பற்றறிகளும் தடைசெய்யப்பட்ட பொருட்களாயின. மக்கள் துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, சக்கரத்தைக் கையாற் சுழற்றி, அதன் டைனமோவிலிருந்து பிறந்த மின்சாரத்தால் வானொலி கேட்டனர். ஒருவர் சுழற்றப் பலர் கேட்டனர். இலண்டனிலிருந்து வந்த பி.பி.சி. தமிழோசை, மணிலாவிலிருந்து வந்த வெரித்தாஸ், திருச்சி வானொலி, இலங்கை வானொலி ஆகியவற்றை மாற்றி மாற்றிக் கேட்டு, ஒன்று சொன்னதை மற்றொன்று சொன்னதோடு ஒப்பிட்டு, உண்மை எங்கோ இடையில் இருக்குமெனத் தாமே தீர்மானித்தனர். எந்த நிலையமும் முழுமையாக நடுநிலை வகித்தது என்று நாம் கூறவரவில்லை. பல நிலையங்கள் இருந்தமையே மக்களுக்குக் காப்பாயிற்று. கேட்பவர் யார் என்பது ஒலிபரப்புவோருக்குத் தெரியாது. அக்காலத்தில் அதுவும் ஒரு பெருங்காப்பாயிருந்தது.

போர் 2009 ஆம் ஆண்டு முடிவுற்றது. 2011 யூன் மாதத்தில் கொக்காவிலிலே 174 மீற்றர் உயரமான புதிய கோபுரம் திறக்கப்பட்டது. கைத்தொலைபேசியும் அதன்வழி இணையமும் தீவகம் எங்கும் பரவின. புலம்பெயர்ந்த உறவினரின் முகத்தை ரொறன்ரோவிலும் பாரிசிலும் இருந்தவாறே காட்டும் இணையத்தின் அருமையை எவர்தாம் மறுப்பர்? ஆயினும் தொலைக்காட்சி பார்ப்பதற்கு அதையே ஒரே வாயிலாகக் கொள்வது தீவகத்தாருக்கு எத்துணைப் பொருந்தும் என்பதை எண்ணிப் பார்த்தல் வேண்டும். இணையத்திற் படம் ஓடும் ஒவ்வொரு நிமிடத்துக்கும் டேற்றாக் கட்டணம் கரைகின்றது. ஒரே கோபுரத்தைப் பலர் ஒருங்கே நாடினால் ஓட்டம் தடைப்படுகின்றது. வான் அலையோ, நூறு பேர் பார்த்தாலும் நூறாயிரம் பேர் பார்த்தாலும் குறைவதில்லை.

இப்பொழுது மடிக்கணினியின் வினாவுக்கு விடை கூறலாம். ரி.வி. ரியூனர் என வழங்கும் சிறு கருவி ஒன்று உண்டு. பெருவிரலளவே இருக்கும். அதன் ஒரு முனையை மடிக்கணினியின் யூ.எஸ்.பி. துளையிலே செருகவேண்டும், மறுமுனையிலே கூரைமேலுள்ள அன்ரனாவிலிருந்து வரும் கம்பியை இணைக்கவேண்டும். கருவியோடு தரப்படும் மென்பொருளை ஒருமுறை நிறுவி, அலைவரிசைகளைத் தேடச் செய்தால், எட்டக்கூடிய நிலையங்கள் யாவும் திரையில் வந்து நிற்கும். இணையம் ஒரு துளியும் வேண்டுவதில்லை. வேண்டிய நிகழ்ச்சியை அப்படியே பதிந்து வைத்துக்கொள்ளும் வசதியும் உண்டு.

ஆனால் கருவியை வாங்குமுன் ஒன்றைக் கவனித்தல் வேண்டும். தொலைக்காட்சி அலைகள் அனலொக் எனும் பழைய முறை, டிஜிற்றல் எனும் புதிய முறை என இருவகைப்படும். இலங்கையின் தரைவழித் தொலைக்காட்சி இன்னும் பெரும்பாலும் பழைய முறையிலேயே நடைபெறுகின்றது. சந்தையில் மலிவாகக் கிடைக்கும் ரியூனர்களுட் பல புதிய முறைக்கு மட்டுமே உரியவை. அத்தகைய கருவியை வாங்கியவர், அன்ரனாவை எத்தனை முறை திருப்பினாலும் திரையில் ஒன்றும் காணமாட்டார். இரண்டு முறைகளையும் ஏற்கும் கருவியே இங்கு பயன் தரும்.

இரண்டாவது வழி செய்மதி வழி. தூரதர்சனம் 2004 டிசெம்பரில் தொடங்கிய கட்டணமில்லாத செய்மதிச் சேவை இன்று பிரீ டிஷ் எனும் பெயரால் வழங்குகின்றது. செய்மதியின் கதிர் எல்லைக்கோட்டைக் கண்டு நின்றுவிடுவதில்லையாதலின், சிறிய தட்டு அலைவாங்கியும் அதற்குரிய செய்மதி ரியூனரும் இருப்பின் மடிக்கணினியிலும் அதனைக் காணலாம். மூன்றாவது வழி மிக எளியது. யாழ்ப்பாணத்திலே பதிவு செய்த நிகழ்ச்சியைப் பென்டிரைவில் இட்டு, குறிகட்டுவான் துறையில் படகேறும் ஒருவரின் சட்டைப்பையிற் கொடுத்துவிட்டால், அது மாலைக்குள் நயினாதீவையோ நெடுந்தீவையோ சேர்ந்துவிடும். ஒருகாலத்தில் வீடியோ நாடாக்களும் பின்னர் இறுவட்டுக்களும் சென்ற அதே வழி அது. புறாவின் காலிலே கட்டிய ஓலைக்கும் இதற்கும் அதிக வேறுபாடு இல்லை.

மடிக்கணினிக்குத் தீவகத்திலே தனியான சிறப்பும் ஒன்று உண்டு. அது தன் மின்கலத்தைத் தன்னுள்ளேயே கொண்டது. நெடுந்தீவு, நயினாதீவு, அனலைதீவு ஆகியன நாட்டின் பொது மின்வலையோடு இணையாமல், டீசல் இயந்திரங்களால் மின்சாரம் பெற்று வந்த தீவுகளாகும். இம்மூன்று தீவுகளுக்கும் சூரிய ஒளியாலும் காற்றாலும் மின்சாரம் வழங்குவதற்கு இந்திய அரசின் நன்கொடையோடு ஒரு திட்டம் வகுக்கப்பட்டு, 2024 மார்ச் மாதத்தில் அதற்கான ஒப்பந்தம் கைச்சாத்தாயிற்று. 1,700 கிலோவாற்று சூரிய மின்சாரமும் 530 கிலோவாற்று காற்று மின்சாரமும், அவற்றைச் சேமிக்கும் மின்கலத் தொகுதியும் அத்திட்டத்தில் அடங்குவன. பழைய குழாய்த் தொலைக்காட்சிப் பெட்டியிலும் குறைந்த மின்சாரத்தில் மடிக்கணினி இயங்குமாதலின், மின்சாரம் நின்ற வேளையிலும் சிறிது நேரம் செய்தி பார்க்கலாம்.

எனினும் நேயர்களே, கருவி எத்துணை நன்றாயினும், வானில் அலை இருந்தாலன்றோ அது பற்றும்? இந்த இடத்திலேதான் நாம் கவலைகொள்ள வேண்டியவர்களாகின்றோம். 1941 ஆம் ஆண்டு தொடங்கிய பி.பி.சி.யின் தமிழ் வானொலி ஒலிபரப்பு 2017 ஏப்பிரல் 30 ஆம் நாளோடு நிறுத்தப்பட்டு, அச்சேவை இணையத்துக்கு மாற்றப்பட்டது. 2018 ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் வெரித்தாஸ் வானொலி தன் சிற்றலை ஒலிபரப்பை முடித்துக்கொண்டது. இந்தியாவில் தூரதர்சனம் தன் அனலொக் ஒளிபரப்பு நிலையங்களுள் மிகப் பெரும்பாலானவற்றை 2022 ஆம் ஆண்டளவில் மூடிவிட்டது. மடிக்கணினியிலும் கைக்கருவியிலும் காணத்தக்க டிஜிற்றல் தரைவழிச் சேவையை அது 2016 ஆம் ஆண்டு 16 நகரங்களில் அறிமுகப்படுத்தியது உண்மையே. ஆனால் அவற்றுள் தமிழகத்துக்குரியது சென்னை ஒன்றே. அது தீவகத்துக்கு எட்டாத் தொலைவில் உள்ளது.

நிலையங்களை மூடுவோர் கூறும் நியாயத்தை நாம் அறியாமலில்லை. பழைய ஒளிபரப்பிகள் மின்சாரத்தை மிகுதியாக உண்பவை. அவற்றை நாடுவோர் தொகை குறைந்துவிட்டது. அவை பயன்படுத்திய அலைவரிசைகளைக் கைத்தொலைபேசிகளுக்கு அளித்தால் அரசுக்கு வருவாய் உண்டு. பெருநகரத்தில் வாழ்வோருக்கு இந்நியாயம் முற்றும் பொருந்தும். அங்கே ஒரு வழி அடைபட்டால் வேறு பத்து வழிகள் உண்டு. கரையின் கடைசி வீட்டில் வாழ்வோருக்கோ எஞ்சியிருப்பது ஒரு வழியே. அந்த வழியும் அடைபடும் நாள் வருவதுண்டு. 2019 ஏப்பிரல் 21 ஆம் நாள் நிகழ்ந்த உயிர்த்த ஞாயிறுத் தாக்குதல்களின் பின்னர், இந்நாட்டில் சமூக ஊடகங்கள் சில நாட்கள் தடைசெய்யப்பட்டன. 2022 ஏப்பிரல் மாதத் தொடக்கத்திலும் சில மணிநேரம் அவ்வாறே நிகழ்ந்தது. அதற்குச் சற்று முன், மார்ச் இறுதியில், நாளொன்றுக்குப் 13 மணிநேரம் வரை மின்வெட்டு நிலவிற்று. ஒரு விசையை அழுத்தி முழு நாட்டின் இணையத்தையும் கட்டுப்படுத்தலாம். பல நாடுகளின் கரைகளிலிருந்து வரும் வான் அலைகளை அவ்வாறு ஒருங்கே அடைப்பது எளிதன்று.

புயற்காலத்தையும் மறத்தலாகாது. 1964 டிசெம்பரில் தனுஷ்கோடியை அழித்த பெரும்புயல் இந்தப் பாக்கு நீரிணையைக் கடந்து சென்றதே. அத்தகைய வேளையில் கடலோர மக்களை எச்சரிப்பதற்கு, ஒரே ஒலிபரப்பியிலிருந்து எல்லோருக்கும் ஒருங்கே எட்டும் அலையினும் சிறந்த கருவி இன்னும் பிறக்கவில்லை. தீவிலுள்ள தொலைபேசிக் கோபுரம் சாய்ந்தால் தீவு முழுதும் ஊமையாகும். அறுபது கிலோமீற்றருக்கு அப்பாலுள்ள வானொலிக் கோபுரமோ நின்று பேசிக்கொண்டிருக்கும்.

ஆதலால் இலங்கையின் தரைவழித் தொலைக்காட்சி டிஜிற்றல் முறைக்கு மாறும்போது, அத்திட்டத்தை வகுப்போர் தீவகத்தை மனத்திற் கொள்ளுதல் வேண்டும். டிஜிற்றல் அலைக்கு ஓர் இயல்பு உண்டு. அனலொக் அலை மெலிந்தால் படம் மங்கும். ஆயினும் குரல் கேட்கும், உருவம் நிழலாகவேனும் தெரியும். டிஜிற்றல் அலை ஓர் எல்லைக்குக் கீழே மெலிந்தால் ஒன்றுமே தெரியாமல் திரை இருண்டுவிடும். அரைகுறையாகவேனும் பார்த்து வந்த நெடுந்தீவு மக்கள், முன்னேற்றத்தின் பெயரால் முழுவதையும் இழந்துவிடக்கூடாது. தீவகத்தை நோக்கி வலிமையான ஒரு டிஜிற்றல் ஒளிபரப்பி அமையும்வரை பழைய ஒளிபரப்பை நிறுத்தாதிருத்தலும், புதிய முறைக்குரிய கருவிகளை மலிவாகக் கிடைக்கச் செய்தலும் செய்யத்தக்கன.

இளைஞர்கள் செய்யத்தக்கதும் ஒன்று உண்டு. 1981 யூன் முதலாம் நாள் இரவு யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிந்தபோது, ஏறத்தாழ 97,000 நூல்களும் ஏடுகளும் சாம்பராயின. வானொலியிலும் தொலைக்காட்சியிலும் ஒருமுறை ஒலித்து மறைந்த நம்மவர் குரல்களோ எரியாமலே அழிந்தன. பதிந்து வைப்பார் இல்லாமையே அதற்குக் காரணம். மடிக்கணினியையும் சிறு ரியூனரையும் வைத்திருக்கும் ஒருவர், தம் ஊர்த் திருவிழா ஒளிபரப்பாகும் நாளில், தம் ஊர்ப் புலவர் பேசும் நாளில், அதைப் பதிந்து வாசிகசாலையில் வைப்பாராயின், நயினாதீவு நாகபூசணி அம்மன் தேரும் நெடுந்தீவு முதியோர் பேச்சும் பின்வரும் தலைமுறைக்குக் கிடைக்கும். இணையத்திலே இன்று இருப்பது நாளை இருக்குமென்பதற்கு உறுதியில்லை. வாசிகசாலை அலுமாரியில் இருப்பதற்கு ஊராரே காவல்.

புறாக்கூடு இன்று பொந்துகளோடு வெறுமையாய் நிற்கின்றது. அதன் பணியை வேறொன்று ஏற்றுக்கொண்டதனால் அதைக் குறித்து நாம் வருந்துவதில்லை. இன்றைய ஒளிபரப்பிகளும் ஒருநாள் பழையனவாகும். அவற்றின் பணியை ஏற்கும் புதியது, நெடுந்தீவின் மேற்குக் கரையிலுள்ள கடைசி வீட்டையும் எட்டுகின்றதா என்பதை அறிந்த பின்னரே பழையதை நிறுத்துதல் முறையாகும்.